கந்தரோடையில் வீழ்ந்த மேஜர்



பரமேஸ்வரன் என்ற பெயரை நல்லூர்ப் பக்கத்தில் நின்று உரக்கக் கூப்பிட்டால் இரண்டு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். அவ்வளவுக்கு அது ஊரோடு ஒட்டிய பெயர். நல்லூரை அடுத்த திருநெல்வேலியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் நிற்கின்றதே, அந்த இடம் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921 இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடம். 1974 இல் அது பல்கலைக்கழக வளாகமாக மாறிய பிறகும் பெயர் போகவில்லை. பக்கத்துச் சந்தியை இன்றைக்கும் பரமேஸ்வராச் சந்தி என்றுதான் சொல்கிறோம்.

இந்த மாதம் உங்களோடு பேச நினைத்திருப்பது அதே பெயரைக் கொண்ட ஒரு மனிதரைப் பற்றி. அவர் யாழ்ப்பாணத்தவர் அல்லர். ஆனால் யாழ்ப்பாண மண்ணில்தான் உயிர் போனது. நல்லூரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே கோண்டாவில், இணுவில், மருதனார்மடம் தாண்டிச் சுன்னாகத்துக்குப் போனால் மேற்கே கந்தரோடை. பத்துக் கிலோமீற்றர் அளவு இருக்கும். அந்தக் கிராமத்தில் 1987 நவம்பர் 25 ஆம் திகதி இறந்தவர் மேஜர் இராமசாமி பரமேஸ்வரன். இந்தியாவின் மிக உயர்ந்த யுத்த காலப் பதக்கமான பரம் வீர் சக்ரா அவருக்குக் கிடைத்தது. இலங்கைக்கு வந்த இந்திய அமைதி காக்கும் படையில் அந்தப் பதக்கம் பெற்றவர் அவர் ஒருவர்தான்.

“மௌலவி, இவர்களைப் பற்றியெல்லாம் ஏன் எங்களுக்கு?” என்று உங்களில் சிலர் கேட்கலாம். காரணம் இருக்கின்றது. யுத்தம் 2009 இல் முடிந்தது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இன்று பெரிய வகுப்புகளில் இருக்கிறார்கள். வீட்டில் பெரியவர்கள் ‘இந்தியன் ஆமிக் காலம்’ என்று ஏதாவது சொல்லும்போது அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: “அவங்க நல்லவங்களா, கெட்டவங்களா?” அந்தக் கேள்வி பெரும்பாலும் குசினியில் நிற்கும் உம்மாவிடம்தான் வருகிறது, உத்தியோகத்துக்குப் போன வாப்பாவிடம் அல்ல. நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்களோ அதுதான் அந்தப் பிள்ளையின் மனதில் சரித்திரமாக நிற்கும். ஆகவே முதலில் அந்த மனிதரைச் சற்று அறிந்துகொள்வோம்.

பரமேஸ்வரன் 1946 செப்டெம்பர் 13 ஆம் திகதி பம்பாயில் பிறந்தவர். அந்த நகரத்துக்குப் பிழைப்புக்காகப் போய்க் குடியேறிய தென்னாட்டவர்களின் பிள்ளைகளுக்காக நடத்தப்பட்டது தென்னிந்தியக் கல்விச் சங்கம். அதன் பாடசாலையில் படித்து, அதன் கல்லூரியிலேயே 1968 இல் விஞ்ஞானப் பட்டம் பெற்றார். விஞ்ஞானப் பட்டதாரி என்றால் அந்தக் காலத்தில் ஒரு வங்கியிலோ கம்பனியிலோ மேசைக்குப் பின்னால் உட்காரலாம், மாதச் சம்பளம் வரும், பெற்றவர்களுக்கும் நிம்மதி. இவர் 1971 இல் சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருடம் மஹார் ரெஜிமென்டில் அதிகாரியாக வெளியே வந்தார்.

மஹார் என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. மகாராஷ்டிரத்தில் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த ஒரு சமூகத்தின் பெயர் அது. டொக்டர் அம்பேத்கர் அந்தச் சமூகத்தில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் வெள்ளைக்காரரின் பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர். ஆனால் 19 ஆம் நூற்றாண்டின் கடைசியில், மஹார்கள் போருக்கேற்ற சாதியல்ல என்று சொல்லி அவர்களைப் படையில் சேர்ப்பதை வெள்ளைக்காரர் நிறுத்திவிட்டார்கள். கிணற்றில் தண்ணீர் அள்ள விடாத ஊரிலே, பட்டாளத்துச் சட்டையாவது ஒரு மனிதனுக்கு மரியாதை தந்தது. அந்தச் சட்டையையும் கழற்றிவிட்டார்கள். அம்பேத்கரும் மற்றவர்களும் விடாமல் கேட்டார்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்கு ஆள் தேவைப்பட்ட 1941 இல்தான் மஹார் ரெஜிமென்ட் பிறந்தது. பிறகு எல்லாச் சமூகத்தவரும் சேரும் ரெஜிமென்டாக அது மாறிற்று. 1987 இல் இந்திய இராணுவத்தின் தளபதியாக இருந்த ஜெனரல் சுந்தர்ஜியும் செங்கல்பட்டில் பிறந்து, இதே ரெஜிமென்டில் அதிகாரியாகத் தொடங்கியவர்தான்.

பரமேஸ்வரன் அதன் 15 ஆவது படையணியில் எட்டு வருடங்கள் இருந்தார். இந்தியாவின் வடகிழக்கு மூலையில் மிசோரம், திரிபுரா என்ற பகுதிகளில் கிளர்ச்சியாளர்களைத் தேடும் நடவடிக்கைகளில் பங்குகொண்டார். எல்லையில் எதிரியை முகத்துக்கு முகம் பார்த்துச் சண்டையிடுவது ஒரு மாதிரி. இது வேறு மாதிரி. யார் துவக்கு வைத்திருக்கிறான், யார் மண்வெட்டி வைத்திருக்கிறான் என்று இரவில் தெரியாது. தேடிப் போவது, ஒன்றும் கிடைக்காமல் திரும்புவது, திரும்பும் வழியில் அடி விழுவது. இந்தப் பழக்கம் உள்ள அதிகாரி என்றபடியால்தான் போலும், 8 ஆவது மஹார் படையணி இலங்கைக்குப் புறப்பட்டபோது அவரும் அதனோடு வந்தார். அப்போது வயது நாற்பதைத் தாண்டிக்கொண்டிருந்தது.

இப்போது நல்லூருக்கு வருவோம். அவர் வந்த யாழ்ப்பாணம் எப்படியிருந்தது என்று தெரியாமல் அவருடைய கதையைச் சொல்வதில் அர்த்தமில்லை.

1987 ஜூலை 29 ஆம் திகதி இந்திய, இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. அடுத்த நாளே இந்தியப் படைகள் பலாலியில் வந்திறங்கத் தொடங்கின. சனங்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். இலங்கை இராணுவத்தின் ஷெல்லுக்குப் பயந்து பங்கருக்குள் கிடந்தவர்களுக்கு அது மூச்சு விடும் நேரம். ஆனால் செப்டெம்பரிலேயே நிலைமை மாறிவிட்டது. விடுதலைப் புலிகளின் அரசியல் பிரிவைச் சேர்ந்த திலீபன் என்ற 23 வயது வாலிபர் இந்திய அரசிடம் ஐந்து கோரிக்கைகளை முன்வைத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயில் வீதியில் செப்டெம்பர் 15 ஆம் திகதி உண்ணாவிரதம் தொடங்கினார். தண்ணீரும் குடிக்கவில்லை. 26 ஆம் திகதி இறந்தார். பாடசாலைப் பிள்ளைகளும் தாய்மாரும் வந்து வந்து பார்த்துப்போன மரணம் அது. ஜூலையில் மாலை கொண்டுபோன கைகள் செப்டெம்பரில் கறுப்புக்கொடி பிடித்தன.

ஒக்டோபர் 10 ஆம் திகதி இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் யுத்தம் மூண்டது. அடுத்த நாள் இரவு, புலிகளின் தலைமையைப் பிடிப்பதற்கென்று ஹெலிகொப்டர்களில் சிப்பாய்களைப் பல்கலைக்கழக மைதானத்தில் இறக்கினார்கள். புலிகள் காத்திருந்தார்கள். சீக்கிய இலகு காலாட்படையைச் சேர்ந்த 30 பேர் இறங்கினார்கள். 29 பேர் அங்கேயே இறந்தார்கள்; உயிரோடு பிடிபட்டவர் ஒருவர். அதே சண்டையில் பக்கத்துக் கொக்குவில் ஒழுங்கைகளில் வீட்டோடு இருந்த சாதாரண சனங்களும் இந்தியச் சிப்பாய்களால் கொல்லப்பட்டார்கள். ஒக்டோபர் 21 தீபாவளித் தினம். அன்று இந்தியப் படை யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் நுழைந்தது. நோயாளிகள், டொக்டர்மார், தாதிமார், வேலையாட்கள் என்று எழுபது பேரளவில் மாண்டார்கள். வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்புமாகக் கையை உயர்த்திக்கொண்டு வந்த டொக்டரையும் சுட்டார்கள். இன்றைக்கும் அந்த ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு ஒக்டோபரிலும் அவர்களை நினைவுகூருகிறார்கள்.

நல்லூர்க் கோயில் அந்த நாட்களில் கோயிலாக மட்டும் இருக்கவில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே அடைக்கலம் புகுந்திருந்தன. கைக்குழந்தைக்குப் பால்மா இல்லை, கால் நீட்டிப் படுக்க இடமில்லை, மலசலகூடத்துக்கு வரிசை. குமர்ப் பிள்ளைகளை நடுவில் படுக்க வைத்துத் தாய்மார் சுற்றிப் படுத்த இரவுகள் எப்படியிருந்திருக்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. சோனகத் தெருவிலே இருந்த நம்மவர்களும் அதே ஊரடங்குக்குள்தான், அதே பட்டினிக்குள்தான் இருந்தார்கள். யாழ்ப்பாண நகரம் இந்தியப் படையின் கைக்கு வந்தது. நவம்பரில் படையினர் கிராமம் கிராமமாகத் தேடத் தொடங்கினார்கள்.

கந்தரோடைக்கு மேஜர் பரமேஸ்வரன் போனது அப்படிப்பட்ட ஒரு தேடுதலுக்குத்தான். ஒரு வீட்டுக்கு ஆயுதங்கள் வந்திறங்கியிருப்பதாகத் தகவல். பதக்கத்தோடு வரும் சான்றுரை அடுத்து நடந்ததைச் சில வரிகளில் சொல்லி முடிக்கின்றது. அதன் சாரம் இதுதான்: தேடுதல் முடிந்து இரவில் படையணி திரும்பிக்கொண்டிருந்தபோது பதுங்கியிருந்தவர்கள் தாக்கினார்கள். மேஜர் நிதானம் இழக்கவில்லை. எதிரே நின்று மோதாமல், பின்புறமாகச் சுற்றி வளைத்துப் போய், எதிர்பாராத திசையிலிருந்து அவர்கள்மேல் பாய்ந்தார். கைகலப்பு நடந்தது. ஒருவர் அவருடைய நெஞ்சில் சுட்டார். குண்டு பட்ட நிலையிலும் சுட்டவரின் துவக்கைப் பறித்து அவரையே சுட்டு வீழ்த்தினார். பிறகும் உயிர் பிரியும் வரை தம் ஆட்களுக்குக் கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தார். எதிர்த்தரப்பில் ஐந்து பேர் கொல்லப்பட்டனர். மூன்று துவக்குகளும் இரண்டு ரொக்கட் ஏவிகளும் கைப்பற்றப்பட்டன.

அவ்வளவுதான். நாற்பத்தொரு வருட வாழ்க்கை. அதில் ஒரே ஓர் இரவுதான் ஏட்டில் ஏறியிருக்கின்றது.

பதக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், உங்களுக்குப் பிடிக்கும். வீரத்துக்காகக் கொடுக்கும் இந்த உலோகத் துண்டை வடிவமைத்தவர் ஒரு பெண்! சுவிற்சர்லாந்தில் பிறந்து, விக்ரம் கானோல்கர் என்ற இந்திய இராணுவ அதிகாரியை மணந்து, இந்தியாவையே தன் நாடாக ஏற்றுக்கொண்ட சாவித்திரி கானோல்கர். தங்கமும் இல்லை, வெள்ளியும் இல்லை, வெறும் வெண்கலம். நம் ஐந்து ரூபாய்க் குற்றியை விடப் பெரிது. ஊதா நிற நாடா. 1950 இல் ஏற்படுத்தப்பட்ட இந்தப் பதக்கத்தை இதுவரை பெற்றவர்கள் 21 பேர். அவர்களில் 14 பேர் அதைக் கண்ணால் காணவில்லை. மரணித்த பிறகே வழங்கப்பட்டது. முதலாவதாகப் பெற்ற மேஜர் சோம்நாத் சர்மா, சாவித்திரியின் மகளுக்கு மைத்துனர் முறை. தான் வரைந்த பதக்கம் முதலில் தன் சம்பந்தி வீட்டுக்கே, அதுவும் ஒரு மையித்துக்காகவே போகும் என்று அந்த அம்மையார் நினைத்திருப்பாரா?

அந்த 21 பேரில் ஒருவர் அப்துல் ஹமீத். உத்தரப் பிரதேசத்தில் காஸிப்பூர்ப் பக்கத்துத் தையற்காரர் ஒருவரின் மகன். அதிகாரியல்ல, ஹவில்தார். 1965 இல் கேம்கரன் பகுதியில் பாகிஸ்தானின் டாங்கிகளைத் தனது ஜீப்பில் பொருத்திய பீரங்கியால் ஒன்றன்பின் ஒன்றாக அடித்து மடிந்தவர். அவருடைய மனைவி ரசூலன் பீபி 2019 வரை, ஐம்பத்து நான்கு வருடம், அந்தப் பதக்கத்தோடு விதவையாக வாழ்ந்தார்.

சரி, கேள்விக்கு வருவோம். கந்தரோடையில் இறந்தவர் நல்லவரா, கெட்டவரா?

அரபுக் கல்லூரியில் ஓதுகின்ற காலத்தில் ‘ஷஹாதத்’ என்ற பாடம் வரும். சாட்சியம் பற்றிய சட்டங்கள். யாருடைய சாட்சியம் செல்லும், யாருடையது செல்லாது என்று பக்கம் பக்கமாகப் போகும். வாலிப வயதில் எங்களுக்கு அது தூக்கம் வரும் பாடம்! அதில் ஒரு சட்டம்: தகப்பன் மகனுக்குச் சாதகமாகச் சொல்லும் சாட்சியம் ஏற்கப்படாது. தகப்பன் பொய்யன் என்பதற்காக அல்ல. பாசம் கண்ணை மறைக்கும் என்பதற்காக. ஆனால் அதே தகப்பன் மகனுக்குப் பாதகமாகச் சாட்சி சொன்னால் அது ஏற்கப்படும். பாசத்தை மீறி வந்த வார்த்தை அல்லவா அது! இன்னொன்று: சாட்சி சொல்பவர் தான் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும்.

பதக்கச் சான்றுரையை இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துப் பாருங்கள். அது ஓர் இராணுவம் தன் மகனைப் பற்றிச் சொல்லும் சாட்சியம். ஆகவே அது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த இரவில் அவரோடு நின்றவர்கள் கண்டதைத்தான் சொல்லியிருப்பார்கள். நெஞ்சில் குண்டு வாங்கிய மனிதர், தன் ஆட்களை அந்த இருட்டில் விட்டுவிட்டுச் சாய்ந்துவிடாமல் கடைசி மூச்சு வரை வழி காட்டினார் என்றால் அது வீரம்தான். வீரம் என்பதற்கு வேறு பெயர் தேட நான் விரும்பவில்லை. தன் பொறுப்பில் விடப்பட்டவர்களைக் கைவிடாதவர் என்ற மட்டில் அவர் மரியாதைக்குரியவர். இது என் அபிப்பிராயம்.

ஆனால் அந்தச் சாட்சியம் எவ்வளவு தூரம் செல்லும்? கந்தரோடையின் அந்த ஓர் இரவு வரைதான் செல்லும். ஆஸ்பத்திரியில் நடந்ததற்கு அது பதில் சொல்லாது. கொக்குவில் ஒழுங்கைக்கும் பதில் சொல்லாது. ஒரு மேஜரின் வீரத்தைக் காட்டி ஒரு படை செய்த அநியாயத்தைக் கழுவ முடியாது. அதேபோல, படை செய்த அநியாயத்தைக் காட்டி அந்த மேஜரின் நெஞ்சில் பட்ட குண்டை இல்லையென்று சொல்லவும் முடியாது. ஆஸ்பத்திரிக் கொலைக்கும் அவருக்கும் சம்பந்தம் உண்டென்று சொல்ல யாரிடமும் சாட்சியம் கிடையாது. சாட்சியம் இல்லாமல் ஒருவர் தலையில் பழியைப் போடுவது எவ்வளவு பாரதூரமானது என்று நமக்குத் தெரியும். ‘இந்தியன் ஆமி’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எல்லாரையும் போட்டு மூடுவது இலகு. ‘சோனகன்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் போட்டு மூடப்பட்டவர்கள் நாம். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறும்படி புலிகள் கட்டளையிட்டபோது, நல்லவர் யார் கெட்டவர் யார் என்று ஆள் ஆளாகப் பிரித்தா பார்த்தார்கள்? சமூகம் முழுவதற்கும் ஒரே தீர்ப்புத்தானே!

தன் பக்கத்துக்கே பாதகமாகச் சாட்சி சொல்லும் ஆளைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அப்படி ஒருவர் இதே நல்லூர்ப் பகுதியில் இருந்தார். டொக்டர் ராஜனி திராணகம. யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறையின் தலைவி. இரண்டு பெண் பிள்ளைகளின் தாய். இந்தியப் படை இருந்த அந்த நாட்களில், படையினரால் பாதிக்கப்பட்ட பெண்களைத் தேடிப் போய், அவர்கள் வெளியே சொல்லக் கூசியதைப் பக்கத்தில் இருந்து கேட்டு எழுதிவைத்தார். அந்த வேலையை ஓர் ஆண் செய்திருக்க முடியாது. ஆனால் அவர் அத்தோடு நிற்கவில்லை. தன் சமூகத்தின் பெயரில் துவக்குத் தூக்கியவர்கள் செய்ததையும் அதே பேனையால் எழுதினார். சக விரிவுரையாளர்கள் மூவரோடு சேர்ந்து அவர் எழுதிய நூல்தான் ‘முறிந்த பனை’. அது அச்சாகி வெளிவந்தது 1990 இல். அதை அவர் காணவில்லை. 1989 செப்டெம்பர் 21 ஆம் திகதி பின்னேரம், திருநெல்வேலியில் சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 35.

அவருக்குப் பரம் வீர் சக்ரா போன்ற பதக்கம் எதுவும் இல்லை. அவருடைய வேலைக்கு அப்படிப் பதக்கம் கொடுக்கும் அரசாங்கமும் கிடையாது.

இனி, சான்றுரையின் கடைசிப் பகுதியை இன்னொரு தரம் பாருங்கள். மூன்று துவக்குகள், இரண்டு ரொக்கட் ஏவிகள், கொல்லப்பட்டவர்கள் ஐவர். ஆயுதங்கள் இன்ன இன்ன வகை என்று இருக்கின்றது. அந்த ஐந்து பேரின் பெயர் இல்லை. எந்த நாட்டு இராணுவமும் அப்படித்தான் எழுதும்; அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் வாசிக்கின்ற நாம் அந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். அந்த ஐந்து பேருக்கும் தாய்மார் இருந்திருப்பார்கள். மேஜருக்கும் தாய் இருந்தார், மனைவி இருந்தார். கந்தரோடையிலிருந்து பம்பாய்க்கு ஒரு செய்தி போனது. மற்ற ஐந்து செய்திகளும் வேறு வேறு வீடுகளுக்குப் போயின. எந்தச் செய்தியும் எந்த வீட்டிலும் வேறு மாதிரி விழுந்திருக்காது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அமைதி காக்க என்று வந்த படையில் ஏறத்தாழ 1,200 பேர் இங்கே இறந்தார்கள். 1990 மார்ச் 24 ஆம் திகதி கடைசிச் சிப்பாய்கள் திருகோணமலையில் கப்பல் ஏறினார்கள். ஊருக்குத் திரும்பிய படையினரைச் சென்னைத் துறைமுகத்தில் வரவேற்கத் தமிழ்நாட்டு முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. எங்கள் தமிழர்களைக் கொன்ற படையை எப்படி வரவேற்பது என்பது அவருடைய நிலைப்பாடு. யாழ்ப்பாணத்தாருக்கு அது நியாயமாகப் பட்டிருக்கும். ஒரு சிப்பாயின் வீட்டுக்கு எப்படிப் பட்டிருக்கும்? போகச் சொன்னதும் அரசாங்கம்தான். திரும்பி வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டதும் அரசாங்கம்தான். அனுப்பியவர்களிடம் கேட்க வேண்டிய கணக்கை அனுப்பப்பட்டவர்களிடம் கேட்பது எல்லா நாட்டிலும் நடக்கின்றது. நம் நாட்டிலும், யுத்தத்தில் கால் இழந்த சிங்களக் கிராமத்துப் பிள்ளைகள் ஓய்வூதியத்துக்காகக் கொழும்பில் தெருவோரம் உட்கார்ந்திருந்ததை நாம் பார்த்தோம்தானே.

பரமேஸ்வரனின் பெயர் பிறகு பல இடங்களில் ஏறியது. அவர் பயின்ற சென்னைப் பயிற்சிப் பள்ளி 1988 இல் அக்கடமி ஆனது. அங்குள்ள அணிவகுப்பு மைதானத்துக்கு அவருடைய பெயர் வைத்திருக்கிறார்கள். 1992 முதல் அங்கே பெண்களும் அதிகாரிகளாகப் பயிற்சி பெறுகிறார்கள். பம்பாயில் வேலைக்குப் போக வேண்டிய பட்டதாரி ஒருவர் ஐம்பது வருடங்களுக்கு முன்னர் காலடி வைத்துப் பழகிய பரங்கிமலையில் இன்று அந்தப் பிள்ளைகளும் நடை பழகுகிறார்கள். 2023 ஜனவரியில் அந்தமான் தீவுகளில் பெயரில்லாமல் கிடந்த 21 தீவுகளுக்குப் பரம் வீர் சக்ரா பெற்ற 21 பேரின் பெயர்களைச் சூட்டியபோது ஒரு தீவுக்கு அவருடைய பெயர் கிடைத்தது. இன்னொன்றுக்கு அப்துல் ஹமீதின் பெயர். நம் நாட்டிலும் பத்தரமுல்லையில் நாடாளுமன்றத்துக்குக் கிட்டவும், பலாலியிலும் இறந்த இந்தியப் படையினருக்கு நினைவுச்சின்னங்கள் உண்டு. டில்லியிலிருந்து வரும் பெரிய மனிதர்கள் மலர்வளையம் வைக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் நவம்பர் 25 யாருக்கும் நினைவில்லாத நாள். இரண்டு நாள் கழித்து வரும் 27 ஆம் திகதிதான் இங்கே நினைவு நாள். புலிகளின் பக்கத்தில் இறந்தவர்களுக்காக அன்று மாலை வீடுகளில் விளக்கு ஏற்றுகிறார்கள். ஏற்றுபவர்களில் கூடுதலானவர்கள் வயது போன தாய்மார். அந்தத் தாய்மாரோடு நாம் அரசியல் பேசப் போகத் தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரி என்றால் அன்றைக்கு ஒரு தரம் எட்டிப் பார்த்து, “எப்படி அக்கா இருக்கிறீங்க?” என்று கேட்டுவிட்டு வரலாம். வெளியேற்றப்பட்டு இருபது வருடம் கழித்துத் திரும்பி வந்து, இடிந்த வீட்டைக் கூட்டித் துடைத்துக் குடியிருக்கும் நம் சகோதரிகள் சிலர் இதைச் செய்கிறார்கள். எனக்குத் தெரியும். அவர்கள் நட்டத்தை மறந்துவிட்டுச் செய்யவில்லை. மறக்காமல்தான் செய்கிறார்கள். நான் மிம்பரில் நின்று சொல்வதைவிடப் பெரிய காரியம் அது.

கந்தரோடைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் சந்தர்ப்பம் வந்தால் போங்கள். அங்கே பனைகளுக்கு நடுவே முருகைக்கல்லால் கட்டிய சின்னச் சின்னத் தூபிகள் கூட்டமாக நிற்கும். மிகப் பழைய காலத்துப் பௌத்தச் சின்னங்கள். போல் பீரிஸ் என்ற அறிஞர் நூறு வருடங்களுக்கு முன்னர் அவற்றை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கட்டியவர்கள் தமிழரா, சிங்களவரா என்று அதற்கும் இப்போது ஒரு சண்டை நடக்கின்றது! பிள்ளைகள் அந்தத் தூபிகளைச் சுற்றி ஓடி விளையாடுவார்கள். களைத்துப்போய் வந்து உட்காரும்போது, 1987 இல் இந்தக் கிராமத்தில் ஓர் இரவில், சான்றுரையின் கணக்குப்படி, ஆறு பேர் இறந்தார்கள் என்று சொல்லுங்கள். ஒருவருடைய பெயர் பரமேஸ்வரன். மற்ற ஐவருடைய பெயரும் எழுதப்படவில்லை. எண்ணிக்கையை ஆறு என்றே சொல்லுங்கள்.